மாரீஸ்வரியின் வலது கை

மிஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நடந்த பயிற்சி முகாமில் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "உற்சாகப்படுத்துற மாதிரி ஒரு அனுபவம் சொல்லுங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படி எதுவும் கைவசம் இல்லை என்றேன். தாழ்மையாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். மேடையேறி, பொதுவாக நாலு வார்த்தை சொல்லி, ஜெபித்துவிட்டு இறங்கினேன். சாப்பாட்டு வரிசையில் நின்றபோது உங்களில் ஒரு பெண் பக்கத்தில் வந்து, "நீங்க சொல்ல வந்தது அது இல்லதானே அக்கா?" என்று கேட்டாள். இல்லைதான். சொல்ல வந்தது இது.

நான் நர்ஸ். மிஷனின் சேவைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன். சாத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தீக்காயம் பட்டவர்களைப் பார்ப்பது என் பொறுப்பு. பட்டாசு ஆலையில் வெடித்தால் என்ன நடக்கும் என்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஆம்புலன்ஸ் வரும், கூட்டம் கூடும், நிவாரணம் அறிவிப்பார்கள். அதற்கு அப்புறம் நடப்பதைக் காட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் புண்ணை ஆற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். புண் ஆறிய பிறகுதான் தோல் தன் வேலையைத் தொடங்கும். ஆறிய தோல் சுருங்கும். விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கும். கழுத்து நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் இழுத்து நீட்டி, பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டி வந்தால் தப்பிக்கலாம். கொஞ்ச காலம் விட்டாலும் கை முஷ்டியாக மூடி அப்படியே நின்றுவிடும். நாங்கள் செய்தது இந்த இழுத்து நீட்டுகிற வேலை. வெளியே சொல்லிக்கொள்ள அழகான வேலை இல்லை. நோயாளி கத்துவார், திட்டுவார், சிலர் கடித்தும் இருக்கிறார்கள்.

கூடவே ஊழியமும் செய்தோம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. இயேசுவை விசுவாசிக்கிறவள் நான், இன்றைக்கும். கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு நான் பின்வாங்கிப் போய்விட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்வது அவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

நான் சேர்ந்தபோது எங்களுக்குத் தலைவராக இருந்தவர் அதிகம் பேசாத மனிதர். அவர் வைத்திருந்த ஒழுங்கு ஒன்றே ஒன்று. முதலில் கட்டுப் போட வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, கையைக் கழுவிவிட்டு, ஓரமாகப் போய் நாங்கள் ஜெபிப்போம். உட்கார விரும்புகிறவர்கள் உட்காரலாம். பஸ்ஸுக்கு நேரமாகிறவர்கள் போகலாம். யார் உட்கார்ந்தார்கள், யார் போனார்கள் என்று திரும்பிப் பார்க்கக்கூடாது என்பார். காரணம் எதுவும் சொன்னதில்லை. அவர் பொறுப்பிலிருந்து போன பிறகுதான் காரணம் புரிந்தது.

அச்சங்குளம் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். வாசலில் மிஷன் பெயரும் ஒரு வசனமும் எழுதிய போர்டு. எதிரே காளியம்மன் கோவில். ஊரில் பாதிப் பேர் பட்டாசு கம்பெனிக்கும், மீதிப் பேர் தீப்பெட்டி கம்பெனிக்கும் போகிறவர்கள். அவர்களுடைய அப்பா, தாத்தாமார் மானாவாரி நிலங்களில் காட்டு வேலை பார்த்தவர்கள். மழை இல்லாத ஊரில் காட்டு வேலை எத்தனை நாளைக்கு? கோவிலில் கொடை விழா நடக்கும்போது எங்கள் சென்டருக்கும் பொங்கல் வரும். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் கொடுப்போம். யாருக்கும் உறுத்தவில்லை.

மாரீஸ்வரி அங்கேதான் வந்தாள். முப்பது வயது இருக்கும். கம்பெனியில் பேன்சி வெடிக்கு மருந்து அடைக்கிற வேலை. கோடை வெக்கையில் உராய்வு பட்டு அறையோடு வெடித்தது. கூட இருந்தவர்கள் இறந்துபோனார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்ததால் இவள் பிழைத்தாள். கழுத்தும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. இடது கை எங்களிடம் வரும்போதே மூடிவிட்டது. வலது கையை மீட்கலாம் என்று தோன்றியது.

முதல் நாள் விரலை இழுக்கும்போது, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டரு. பன்னீர் தெளிச்ச மாதிரி குளுகுளுன்னு இருக்கு. நல்லா இழுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாய் அப்படி. எனக்கு அன்றைக்கே பிடித்துப்போயிற்று. இந்தக் கை சரியானால் முதலில் என்ன செய்வாய் என்று எல்லோரிடமும் கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் வேலைக்குப் போகணும் என்பார்கள். இவள், "எம் மகளுக்கு ரெட்டச்சடை பின்னணும். எங்க மாமியா பின்னுனா எலிவாலு மாதிரி இருக்குன்னு புள்ள பள்ளிக்கூடம் போகவே அழுவுது" என்றாள்.

வாரம் தவறாமல் வந்தாள். வீட்டிலும் விடாமல் பயிற்சி செய்தாள். அவள் கணவர் கருப்பசாமி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சீசன் நேரத்தில் ராத்திரி பகலாக ஓட்டம் இருந்தாலும் அவளைச் சென்டரில் இறக்கிவிட்டுத்தான் போவார். உள்ளே வரமாட்டார். அவள் கத்துவதைக் கேட்கப் பயம்.

இந்தச் சமயத்தில்தான் அந்தப் பழைய தலைவரின் இடத்துக்குப் புது இயக்குநர் வந்தார். படித்தவர், சுறுசுறுப்பானவர், ஜெபிக்கிறவர். நான் சொல்லப்போவதற்காக அவரை ஒரு வேஷக்காரர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் இந்தக் கதையால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வேஷக்காரராக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் தான் சொன்னதையெல்லாம் நிஜமாகவே நம்பினார்.

"இத்தனை வருஷம் ஊழியம் செய்திருக்கிறோம். கனி எங்கே சிஸ்டர்?" என்பது அவருடைய முதல் கேள்வி. எத்தனை பேர் விசுவாசத்துக்குள் வந்தார்கள் என்று அர்த்தம்.

"நடக்க முடியாதவங்க நடக்குறாங்க ஐயா" என்றேன்.

"அது சேவை. நான் கனியைக் கேட்கிறேன். உடம்பு அழியும், ஆத்துமா அழியாது. இதில் எது முதலில் வரணும்?"

அவர் கொண்டுவந்த புது ஒழுங்கில் செய்தி, அதாவது பிரசங்கம், முதலில்; சிகிச்சை பிறகு. எங்கள் நோயாளிகள் வீட்டிலேயே வலி மாத்திரை போட்டுக்கொண்டு வருவார்கள். அதன் வேகம் இருக்கும்போதே இழுத்தால்தான் தாங்கமுடியும். இதை அவரிடம் சொன்னேன். அவர் யோசித்து, "அப்போ மாத்திரையை இங்கே வந்து போடட்டும். அது வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரத்துக்குள் செய்தியை முடித்துவிடலாம்" என்றார். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அவர் அனுப்பிய சுவிசேஷகருக்குச் செய்தியை முடிக்கத் தெரியவில்லை. கூட்டம் எழுந்து போகாது என்று தெரிந்த பேச்சாளரை யாராலும் நிறுத்தமுடியாது. கட்டுக்காகக் காத்திருக்கிற கூட்டம் எங்கே எழுந்து போகும்?

ஒரு நாள் செய்தி நீண்டுகொண்டே போனது. பாடுகளின் வழியாக தேவன் நம்மைப் புடமிடுகிறார் என்று பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மாரீஸ்வரி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"சிஸ்டரு, இவுக பேசி முடிக்கிறதுக்குள்ள எம் மாத்திர மலையேறிப் போச்சு."

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்துபோய் அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, எண்ணெய் தடவி விரலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தேன். அவள் கத்தினாள். சுவிசேஷகர் கொஞ்ச நேரம் சத்தத்தை உயர்த்திப் பேசிப் பார்த்தார். அப்புறம் பைபிளை மூடிவிட்டு வெளியே போய் போனை எடுத்தார்.

மறுநாள் சூலக்கரைப் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வசனத்துக்கு மரியாதை இல்லை என்றார் இயக்குநர். வலிக்கு மரியாதை கொடுத்தேன் ஐயா என்றேன். இனி செய்தி சுருக்கமாக இருக்கும் என்று முடிவானது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படி இல்லை. அன்றிலிருந்து என் பெயருக்கு எதிரே அலுவலகத்தில் ஒரு கோடு விழுந்துவிட்டது. உங்களுக்கும் விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். கோடு விழாதவர்களை நோயாளிகளுக்கு ஞாபகம் இருப்பதில்லை.

மாரீஸ்வரியின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் நுனியைத் தொட்ட நாள் எனக்கு மறக்காது. தொட்டதை அவளே முதலில் நம்பவில்லை. பிரித்தாள், மறுபடி தொட்டாள். அதற்கு அடுத்த வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு இரட்டைச்சடை. ஒரு பக்கம் தொங்கிக்கிடந்தது. மறுபக்கம் இறுக்கமாக, நேராக இருந்தது.

"எது எங்கம்மா பின்னுனதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பிள்ளை தலையை ஆட்டிக் காட்டியது.

இறுக்கமான சடையைத் தொட்டேன். "அதான்! எங்கம்மா இடது கையால முடிய அமுக்கிக்கிட்டே பின்னுச்சு!" என்று குதித்தது.

அன்றைக்கு அலுவலகத்திலிருந்து வீடியோ எடுக்கிறவர் வந்திருந்தார். ஆதரவாளர்களுக்கு அனுப்ப ஒரு சாட்சி வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். மாரீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, "பேச விருப்பம் இல்லன்னா வேண்டாம்மா. பேசலன்னா கட்டுப் போடமாட்டோம்னு யாரும் சொல்லல" என்றேன்.

"ஏன் சிஸ்டரு இப்படிச் சொல்றீக? எனக்குக் கையவே குடுத்திருக்கீக. ரெண்டு வார்த்த பேசுனா நான் என்ன கொறஞ்சா போயிருவேன்?" என்றாள்.

கேமராவைப் பார்த்து, கூச்சமில்லாமல், ஒரே மூச்சில் பேசினாள். பக்கத்தில் நின்று கேட்டதால் ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "நான் இருக்கன்குடி மாரியாத்தாகிட்ட வேண்டுனேன். இங்கன வந்து ஏசப்பாகிட்ட வேண்டுனேன். ரெண்டு பேருல யாரு காது குடுத்துக் கேட்டாகளோ தெரியல, இந்தச் சிஸ்டரு கையில வந்து எறங்கிட்டாக. எங்கை வந்துருச்சு."

வீடியோக்காரர் என்னைப் பார்த்தார். "இதை அப்படியே போடுறதா இருந்தா போடுங்க. இல்லன்னா விட்டுருங்க" என்றேன். இயக்குநரிடமும் போனில் அதையே சொன்னேன். ஆதரவாளர்களுக்கு மட்டும்தான், வெளியே போகாது என்றார்.

வெளியே போனது. பாதியை வெட்டியிருந்தார்கள். "ஏசப்பாகிட்ட வேண்டுனேன்" என்று தொடங்கி, "எங்கை வந்துருச்சு" என்று முடிந்தது. ஆத்தாவைக் காணோம். என்னையும் காணோம், அதுபற்றி எனக்கு வருத்தமில்லை. கீழே பெரிய எழுத்தில், விக்கிரகத்தை விட்டு ஜீவனுள்ள தேவனிடம் வந்த சகோதரி என்று போட்டிருந்தார்கள். அவள் எதையும் விடவில்லை. வீட்டில் ஆத்தா படத்துக்குப் பக்கத்தில் எங்கள் காலண்டரில் இருந்த இயேசு படத்தைக் கத்தரித்து ஒட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

படம் எடுக்குமுன் அனுமதி கேட்கவேண்டும் என்று உங்கள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது போதாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் கூசாமல் உங்களிடம் கையை நீட்ட அவளால் முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்று தோன்றினால் கேட்கவே கேட்காதீர்கள்.

அது ஆடி மாதம். கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போக ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. மாரீஸ்வரி பிழைத்ததற்காகக் கருப்பசாமி குடும்பத்தார் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார்கள். அந்த வாரத்தில் வீடியோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. கொழுந்தன்மார் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டார்கள். அது எப்படியோ டவுனுக்கும் போய், மதமாற்றம் நடக்கிறது என்று ஒரு காரில் சிலர் வந்து இறங்கினார்கள். காளியம்மன் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். மிஷனிலிருந்து ஆள் வரவேண்டும் என்றார்கள்.

இயக்குநர் என்னிடம், "உங்களைத்தான் அவர்களுக்குத் தெரியும் சிஸ்டர். நீங்கள் போங்கள், நாங்கள் இங்கே உபவாசித்து ஜெபிக்கிறோம்" என்றார். வேனில் நான் மட்டும் போனேன்.

வெயில் ஏறிய நேரம். ஆண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். மாரீஸ்வரியை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கருப்பசாமி தலையைத் தூக்கவே இல்லை. காரில் வந்தவர்களில் ஒருவர் நம் பெண்கள், நம் தெய்வம் என்று நீளமாகப் பேசினார். அவருக்கும் முடிக்கத் தெரியவில்லை. எனக்கு எங்கள் சுவிசேஷகர் ஞாபகம் வந்தார். காரில் வந்தவர் ஒருவழியாகப் பேச்சை முடித்துவிட்டு அவளிடம், "நீ மதம் மாறலைன்னா ஆத்தா முன்னால சூடத்தைக் கொளுத்திச் சத்தியம் பண்ணும்மா" என்றார். யாரோ சூடத்தையும் தீப்பெட்டியையும் நீட்டினார்கள்.

மாரீஸ்வரி தீப்பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"கொளுத்துறேன்யா. தீப்பெட்டிய எந்தக் கையில புடிக்கணும், குச்சிய எந்தக் கையில ஒரசணும், அதை மட்டும் சொல்லுங்க."

நீட்டியவர் தீப்பெட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவள் தொடர்ந்தாள். "வெடிச்சு எம்புட்டு மாசமாச்சு. இங்கன உக்காந்திருக்கிறவுக யாராவது இந்தக் கையத் தொட்டிருக்கீகளா? எங்கொழுந்தனாரு எங்கையில தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்காரு. இந்தச் சிஸ்டரு தொட்டாக. அம்புட்டுத்தேன் எனக்குத் தெரியும். நான் எங்கயும் மாறல. மாறிப் போக எனக்கு வேற எடம் எங்க இருக்கு?"

ஊர்ப் பெரியவர் குருசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார். கம்பெனியில் போர்மேனாக இருந்து வேலையை விட்டு நின்றவர். பழைய வெடிவிபத்து ஒன்றில் தங்கையைப் பறிகொடுத்தவர். "போதும். அந்தப் புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார்.

காரில் வந்தவர் உடனே எழுந்து, "நம்ம ஆளுகளுக்கு நாமதான் செய்யணும். அடுத்த வாரமே நாங்க நர்ஸ் ஏற்பாடு பண்றோம். இவங்க தயவு இனிமே தேவையில்ல" என்று அறிவித்தார். கைதட்டினார்கள். சென்டர் பூட்டப்பட்டது.

வேனுக்குத் திரும்பும்போது குருசாமி பின்னாலேயே வந்தார். "சிஸ்டரு, கொஞ்சம் நில்லுங்க. இந்தக் கூட்டம் ரெண்டு வாரத்துல அடங்கிரும். நான் ஊரப் பேசிச் சரிக்கட்டுறேன். நீங்க அந்தப் போர்டக் கழட்டிருங்க. பாட்டு, செய்தியெல்லாம் உங்க சர்ச்சுல வச்சுக்கங்க. இங்கன வந்து கட்ட மட்டும் போட்டுட்டுப் போங்க. ஒருத்தனும் கேக்கமாட்டான். நான் பொறுப்பு."

"சரிங்கய்யா" என்றேன். யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக ஒரு வழி கிடைத்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் வேலைக்காலத்தில் நான் எடுத்த முடிவுகளில் எனக்குச் சந்தேகமே வராத முடிவு அதுதான்.

அலுவலகத்தில் ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் இயக்குநர் தலையை அசைத்தார். "போர்டு இல்லாமல் கட்டுப் போட அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது சிஸ்டர். ஆண்டவருடைய நாமத்தைக் கழற்றிவைத்துவிட்டு நமக்கு ஒரு சேவையும் வேண்டாம்."

"கழட்டச் சொல்றது போர்டத்தான் ஐயா. நாமத்தை இல்ல."

"உபத்திரவம் வரும்போது நிலைத்து நிற்கிறவன்தான் ஊழியக்காரன்."

"உபத்திரவம் அவளுக்கு வந்திருக்கு ஐயா. நமக்கு என்ன வந்துச்சு? நாம ராத்திரி வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குவோம். அந்தக் கைய இப்ப விட்டா மூடிரும். அப்புறம் யாராலயும் நீட்டமுடியாது."

"கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றார். கண்களை மூடிக்கொண்டு, நிஜமான நம்பிக்கையோடு சொன்னார். அவர் அதைச் சொன்ன விதத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நம்பிக்கையில்லாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

அந்த மாத எங்கள் பத்திரிகையில் பூட்டிய சென்டரைப் பற்றி நான்கு பக்கம் வந்தது, பூட்டின் படத்தோடு. திறந்து கிடந்த காலமெல்லாம் அதைப் பற்றி ஒரு பத்தி வந்ததில்லை. எங்கெங்கிருந்தோ ஜெபிக்கிறோம் என்று செய்திகள் குவிந்தன. அலுவலகத்தில் எல்லோருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். காரில் வந்தவர்கள் தரப்பிலும் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. பூட்டின் முன்னால் நின்று அவர்களும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே பூட்டைத்தான் காட்டின. அவர்கள் சொன்ன நர்ஸ் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கு அப்புறமும் வரவில்லை.

என்னை விருதுநகரில் இருந்த பிள்ளைகள் விடுதிக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றார்கள்.

விடுமுறை நாளில் பஸ் பிடித்து மாரீஸ்வரி வீட்டுக்குப் போனேன். கருப்பசாமி வாசலிலேயே எழுந்து நின்று வழியை மறித்தார். மறித்தது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"உள்ள வராதீக சிஸ்டரு. நீங்க நல்லவுகதான், எனக்குத் தெரியும். ஆனா நீங்க வந்துட்டுப் போனா எந்தம்பிமாரு மறுபடி ஆரம்பிச்சிருவாக. லோடுகூட எனக்கு ஒழுங்கா தர மாட்டேங்காக. எனக்கும் பொம்பளப் புள்ள இருக்கு."

"நான் மிஷன்ல இருந்து வரல தம்பி. சும்மாதான் வந்தேன். கையில எண்ணெய் மட்டும்தான் இருக்கு. வேணும்னா நீங்களே இழுத்துவிடுங்க, நான் சொல்லித்தாரேன்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "அவ கத்துனா நான் விட்டுருவேன் சிஸ்டரு" என்றார். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை வாசல்படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்படி தெரிந்தவர்கள் மூலம் சொல்லி அனுப்பினேன். இரண்டு பஸ் மாறிச் சில தடவை போனாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் பிள்ளைக்குக் காய்ச்சல், அப்புறம் மழை, அப்புறம் கொழுந்தன் கல்யாணம். இப்படித்தான் நின்றுபோகும். நம் பகுதி வீடுகளில் எல்லாம் இப்படித்தான் நிற்கும். அதற்காகத்தானே நாம் அவர்கள் ஊருக்கே போனோம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மறுபடி போனேன். நடுவில் வருஷங்கள் ஓடியிருந்தன. கருப்பசாமியும் அவளும் தனிக்குடித்தனம் வந்து, ஊருக்கு வெளியே அரசு கட்டிக்கொடுத்த வீட்டில் இருந்தார்கள். அவர் லோடுக்குப் போயிருந்தார். கதவு திறந்தே இருந்தது. மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டுகளுக்கும் நடுவில் சுளகைப் பிடித்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மூடியிருந்தது. விரல் நகங்கள் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தன.

என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமாகவில்லை. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வாங்க சிஸ்டரு. இப்ப எந்த ஆபீஸுல இருந்து வந்திருக்கீக?"

"எந்த ஆபீஸும் இல்லம்மா. ரிட்டயர் ஆயிட்டேன்."

"அப்ப உக்காருங்க" என்றாள்.

டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை மணிக்கட்டுகளால் இடுக்கிப் பிடித்து, ஒரு சொட்டு சிந்தாமல் என் முன்னால் வைத்தாள். நர்ஸ் புத்தி எனக்குப் போகவில்லை. டீயைக் குடிக்குமுன்பே ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். மதுரையில் செய்கிறார்கள், மூடின தோலைப் பிரித்து வேறு தோல் ஒட்டுவார்கள், இந்த வயதில் நன்றாகவே வரும், நானே கூட வந்து இருக்கிறேன் என்றேன்.

முழுவதும் கேட்டாள். பழைய கிண்டலை எதிர்பார்த்தேன். அது வரவில்லை.

"வேணாம் சிஸ்டரு. இந்தக் கைய ஒருவாட்டி உங்க எல்லாத்துகிட்டயும் குடுத்தாச்சு. நீங்க நல்லாத்தான் பாத்தீக. உங்க ஆளுக படம் புடிச்சாக. எங்க ஆளுக பூட்டுப் போட்டாக. இது பாட்டுக்குக் கெடக்கட்டும். இப்ப இது யாருக்கும் வேணாம். அது எனக்கு நிம்மதியா இருக்கு."

உங்களில் யாருக்காவது இதற்குப் பதில் கிடைத்தால் எனக்குச் சொல்லாதீர்கள், அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. சுவரில் ஆத்தா படம் இருந்தது. பக்கத்தில் வேறு படம் எதுவும் இல்லை. நான் அங்கே பார்ப்பதை அவளும் கவனித்தாள்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அடுத்தவாட்டி வந்தா எங்கையப் பாக்க வராதீக சிஸ்டரு. என்னையப் பாக்க வாங்க" என்றாள்.

இப்போதும் அவ்வப்போது போய்வருகிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்துபோய், உட்கார்ந்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வருவேன். ஜெபிக்கட்டுமா என்று கேட்பதில்லை. கையைப் பற்றியும் பேசுவதில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.